வெள்ளை என்றால் காடு

பாலமதி ஏறும் பாதையில்
ஏழாவது வளைவு தாண்டி ஒரு பிளந்த பாறை.
இடுக்கில் கொடி கட்டுகிறோம்
நானும் நஸ்ரீனும்.
ஆரஞ்சு பாதி, வெள்ளை பாதி.
ஞாயிறு, காலை ஆறே கால்.
எட்டு மணிக்குள் முடிக்காவிட்டால்
இந்தப் பாறையில் கை வைக்க முடியாது.

கீழே வேலூர் முழுசாகத் தெரிகிறது:
கோட்டை, அகழி, ஓட்டேரி,
மணல் மட்டும் ஓடும் பாலாறு,
அதற்கப்பால் நகர மறுக்கும் காட்பாடிக் கூட்ஸ் வண்டி.
மரமில்லா மலை என்று
எவனோ பழித்து வைத்த ஊர்.
அந்தப் பழிதான் முப்பத்தோரு வருஷம் எனக்கு வழி.
மொட்டை உச்சிகளை எண்ணிக்கொண்டே நடந்தால்
எங்கே இறக்கிவிட்டாலும் வீடு வந்துவிடும்.

போன ஜூனில் பின்லாந்து.
சர்வே ஆபீஸில் பதினெட்டு நாள் லீவுக்குப்
பதினோரு கையெழுத்து.
"காட்டுல ஓடறதுக்கு எதுக்கும்மா ஃபாரின்,
அமிர்தி இல்லையா?"
என்றார் ஹெட்கிளார்க் துளசிங்கம்.
எனக்கும் பதில் தெரியவில்லை.

அங்கே கொடுத்த வரைபடத்தில்
முக்கால்வாசி வெள்ளை.
நான் ஆபீஸில் விரித்து மடிக்கும் படங்களில்
வெள்ளை என்றால் ஒன்றுமில்லை,
இன்னும் யாரும் கேஸ் போடாத இடம்.
அங்கே வெள்ளை என்றால் காடு.
மஞ்சள், வெட்டவெளி.
பச்சை, இங்கே ஓட நினைக்காதே.

மூன்றாவது கொடிக்கு நானூறு மீட்டர்.
நுழைந்தேன்.
மரத்துக்குப் பின்னால் மரம்,
அதன் பின்னாலும் அதே மரம்.
அண்ணாந்து பார்த்தால் மலை இல்லை.
வெயில் இருந்தது,
ஆனால் உச்சிக்கு வரத் தெரியாத வெயில்;
ராத்திரி பதினொன்றுக்கும்
மதில்மேல் எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரியாய்
ஓரமாகவே சுற்றியது.
என் நிழல் எனக்கு முன்னால்
விழுந்த பனைமரமாய்க் கிடந்தது.

திசைகாட்டியைப் பார்த்தேன்.
இங்கிருந்து கொண்டுபோனது.
ஊசி தலைகுனிந்து
பெட்டியின் அடியை உரசிக்கொண்டு நின்றது.
தட்டினேன். குலுக்கினேன்.
மறுபடி குனிந்தது,
நான் தொலைந்த இடத்தில்
அதுவும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி.

நாற்பது நிமிஷம்.
சதுப்பில் ஒரு ஷூ போய் ஒரு ஷூ திரும்பி வந்தது.
அழவில்லை என்று எழுதினால் பொய்.
அப்புறம் ஓர் எறும்புப் புற்று, என் இடுப்பு உயரம்.
மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை,
பால் ஊற்ற ஆள் இல்லை.
ஆனால் வரைபடத்தில் அதற்கு ஒரு குறி இருந்தது,
பழுப்பு நிறத்தில், கடுகளவு.
எல்லைக்கல்லை ராவோடு ராவாக நகர்த்துகிற
தாலுகாவிலிருந்து போனவள்
எறும்புகளை நம்பிக் கரையேறினேன்.
கடைசிக்கு முந்தின இடம்.

சாயங்காலம் ஐனோ என் பெட்டியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.
உங்கள் ஊரில் பூமி ஊசியைக் கிடையாக இழுக்கிறது,
இங்கே கீழ்நோக்கி இழுக்கிறது,
அந்தந்த ஊருக்கு எடை பார்த்துத்தான் ஊசி செய்வார்கள் என்றாள்.
மாற்றிக்கொண்டோம்.
இரண்டு பேருக்கும் உபயோகமில்லாத பரிசு.

இப்போது பாறைமேல் வைக்கிறேன் அவளுடையதை.
வாலைத் தரையில் தேய்த்தபடி
தலை தூக்கி வானம் பார்க்கிறது.
"இது வேலைக்காவாதுக்கா" என்கிறாள் நஸ்ரீன்.
ஆடுகளோடு ஏறி வந்தவர் நின்று கேட்கிறார்:
"இன்னா அளக்கிறீங்க? பட்டா குடுக்கப் போறாங்களா?"
இல்லைங்க என்கிறேன்.
நம்பவில்லை. கொடியை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போகிறார்.

இந்த மலைக்கு நானே வரைந்த படத்தில்
எல்லாம் மஞ்சள்,
கிழக்குச் சரிவில் ஒரு பள்ளம் தவிர.
அங்கே மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.
உள்ளே நின்றால் உச்சி தெரியாது என்பதால்
ஒருநாளும் நான் இறங்காத இடம்.
அதை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.
ஐந்தாவது கொடி அதற்குள்.

இறங்குகிறோம்.
கோட்டை போயிற்று. பாலாறு போயிற்று.
கூட்ஸ் வண்டியின் சத்தம் மட்டும்,
அதுவும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல்.
பெட்டியை வெளியே எடுத்து
மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறேன்.
இன்னும் கொஞ்சம்.
ஊசி வாலை விடுவித்துக்கொண்டு
சுழல்கிறது.